மோட்டாருக்குள் தண்ணீர்: பிரிக்கலாமா, வழக்குப் போடலாமா?

கேள்வி: மகனுக்காக இணையத்தில் 16,800 ரூபாய்க்கு ரிமோட் கார் வாங்கினேன். பெட்டியிலும் விற்பனைப் பக்கத்திலும் ‘வாட்டர்புரூஃப்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. மூன்றாவது வாரம், மழை விட்டதும் தெருவில் தேங்கிய தண்ணீரில் ஓட்டினான். அன்றிரவு ஈரத்தோடு அப்படியே அலமாரியில் வைத்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து எடுத்தால் லைட் எரிகிறது, ஸ்டீயரிங் திரும்புகிறது. மோட்டார் மட்டும் கரகரவென்று இழுத்துவிட்டு நின்றுபோகிறது. டெல்லியில் இருக்கும் விற்பனையாளர், ‘தண்ணீரால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது’ என்கிறார். காயில் கட்டும் நண்பர் ஒருவர் பிரித்துச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்கிறார். பிரித்தால் வழக்குப் போட முடியாதா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: நண்பரை இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழக்கே போட முடியாது என்பதில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் முக்கியமான சாட்சி அந்த மோட்டார்தான். பொருளைச் சோதிக்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு (நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38). சுத்தம் செய்த மோட்டாரை அனுப்பினால் ஆய்வகத்துக்குப் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்? “இவரே பிரித்துக் கெடுத்துவிட்டார்” என்று எதிர்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும்.

இங்கே ஒரு இக்கட்டும் இருக்கிறது. மோட்டாருக்குத் தண்ணீர் பட்டால் சும்மா வைத்திருக்கக் கூடாது. பிரஷ் வகை மோட்டாராக இருந்தால் கார்பன் தூள் ஈரத்தில் சேறாகி, பிரஷ் என்ற கார்பன் துண்டுகள் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் ஒட்டும். பேரிங்கில் துரு ஏறிக்கொண்டே போகும். அதோடு, நஷ்டத்தைக் குறைக்க உங்கள் கையில் இருந்த வழிகளையும் இழப்பீட்டுக் கணக்கில் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு சொல்கிறது. கெடட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருந்தால் அதுவும் நமக்கு எதிராகத் திரும்பும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஈரம் பட்ட லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போட வேண்டாம். கார் இப்போது இருக்கும் நிலையை வீடியோ எடுங்கள். இன்றே விற்பனையாளருக்கு மின்னஞ்சல்: “பொருளை வந்து எடுத்துப் பாருங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால், மேலும் கெடாமல் இருக்க நானே பழுது பார்ப்பேன்.” இதே வாசகத்தை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். கெடு முடிந்த பிறகும் என் யோசனை, பிரிக்காமல் இருப்பதுதான். மோட்டாரை முழுசாகக் கழற்றிப் பையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டு, புதிய மோட்டார் வாங்கிப் பொருத்துங்கள். அந்த பில்லை இழப்பீட்டில் கேட்கலாம். பையனும் அழ மாட்டான். பிரித்தே தீர வேண்டுமென்றால் வீடியோ ஓட ஓடப் பிரிக்கட்டும். கழற்றிய பிரஷ், பேரிங் எதையும் குப்பையில் போடக் கூடாது.

சரி, வழக்கில் பலம் இருக்கிறதா? இருக்கிறது. இணைய வணிக விதிகள் 2020-ன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. சரியான சோதனை இல்லாமல் பொருளின் திறனுக்கு உத்தரவாதம் தருவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-ன்படி முறையற்ற வணிகம். சோதித்தோம் என்று அவர் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. விற்பனைப் பக்கத்தை இப்போதே படம் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் ‘வாட்டர்புரூஃப்’ என்பது ‘ஸ்பிளாஷ்புரூஃப்’ ஆக மாறிய கதையை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் ஐபிஎக்ஸ் (IPX) எண், அதாவது பொருள் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று காட்டும் எண், இருக்கிறதா என்று பாருங்கள். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும்; 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். 4 போட்டிருந்து, கார் குட்டையில் மூழ்கி ஓடியிருந்தால் உங்கள் வாதம் தளரும். இன்னொரு பலவீனம், அன்றிரவு ஈரத்தோடு வைத்தது. ‘தண்ணீரில் ஓட்டினால் மோட்டாரைக் காயவைத்து, பேரிங்கில் எண்ணெய் விடவும்’ என்று இத்தகைய கார்களின் கையேடுகளில் இருப்பதுண்டு. உங்கள் கையேட்டிலும் அப்படி இருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள். எதிர்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும். அப்போது முழுத்தொகை கிடைப்பது சந்தேகம்.

குறையுள்ள பொருளால் வந்த தீங்குக்கு இழப்பீடு தரும், அதே சட்டத்தின் ‘பொருள் பொறுப்பு’ என்ற புதிய அத்தியாயத்தைக் காட்டி லட்சக்கணக்கில் கேட்கச் சொல்பவர்களும் உண்டு. நம்பாதீர்கள். அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் வராது. கார் தீப்பிடித்து வீட்டில் வேறு ஏதாவது எரிந்திருந்தால் அது தனிக்கதை.

டெல்லிக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, திருநெல்வேலி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை (எங்கள் பிழைப்பில் மண் விழுந்தாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்). நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். வெளிநாட்டுத் தயாரிப்பாக இருந்தால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் இறக்குமதியாளரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். காலக்கெடு 2 வருடம். மனு போடுவதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிவு செய்து பாருங்கள். 16,800 ரூபாய்க்காக டெல்லியில் இருந்து வக்கீல் வைத்து வாதாடுவதைவிட, வேறு மோட்டார் அனுப்பிவிடுவது அவருக்கும் லாபம்தான்.