முதலாண்டு வீரரும் விருதுக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கிடைக்கும் விருதுகள், கிடைக்காத விருதுகள் குறித்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: 2023-24 சீசனில் பாஸ்டன் காலேஜின் வில் ஸ்மித் 71 புள்ளி. பாஸ்டன் யுனிவர்சிட்டியின் மேக்லின் செலிப்ரினி 64 புள்ளி. இருவருமே முதலாண்டு. கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருது செலிப்ரினிக்குப் போனது. ஸ்மித் கடைசி மூவரில்கூட இல்லை. இது நியாயமா? (பாஸ்டன் வாசகர்)

பதில்: மொத்தப் புள்ளியை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் ஆதங்கம் சரிதான். ஆனால் அந்த 71 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்த பாஸுக்கு (அசிஸ்ட்) ஒரு புள்ளி. ஸ்மித் 41 ஆட்டங்களில் 25 கோல், 46 அசிஸ்ட். செலிப்ரினி 38 ஆட்டங்களில் 32 கோல், 32 அசிஸ்ட். ஆட்டத்துக்கு இத்தனை என்று வகுத்தால் ஸ்மித்துக்கு 1.73, செலிப்ரினிக்கு 1.68. ஏழு புள்ளி இடைவெளி அநேகமாகக் கரைந்துவிடுகிறது. கோல் கணக்கில் செலிப்ரினி ஏழு கோல் முன்னால் நிற்கிறார்.

அடுத்தது, உடன் ஆடியவர்கள். ஸ்மித்தின் இரு பக்கமும் ரையன் லெனர்ட், கேப் பெரோ. மூவரும் கல்லூரிக்கு வருமுன்பே அமெரிக்க தேசிய வளர்ச்சி அணியில் ஒரே வரிசையில் ஆடியவர்கள். லெனர்ட் அந்த சீசனில் 31 கோல் அடித்தார். அதே அணியில் இரண்டாமாண்டு மாணவர் கட்டர் கோத்தியே 38 கோல் அடித்து, கடைசி மூவருக்குள் போனார். ஒரே அணியில் இத்தனை பேர் மின்னும்போது தேர்வுக்குழுவின் வாக்கு சிதறத்தான் செய்யும். செலிப்ரினியோ அந்த சீசனில், கல்லூரி ஹாக்கியின் உச்ச நிலையான முதல் டிவிஷனிலேயே வயதில் இளையவர். விருது வாங்கும்போது அவருக்கு 17 வயது. அதுவரை அந்த விருதை அவ்வளவு சிறு வயதில் யாரும் வாங்கியதில்லை.

நாள்காட்டியையும் மறக்க வேண்டாம். வெற்றியாளர் பெயர் ஃப்ரோசன் ஃபோர் (தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள் மோதும் சுற்று) வாரத்து வெள்ளிக்கிழமை அறிவிக்கப்படுகிறது. வியாழனன்று அரையிறுதி, சனியன்று இறுதி ஆட்டம். வாக்குகள் அதற்கு முன்பே விழுந்துவிடும். எனவே சீசன் முடிவில் நாம் பார்க்கும் மொத்தப் புள்ளி, குழுவினர் வாக்களித்தபோது பார்த்த மொத்தம் அல்ல.

செலிப்ரினிக்குக் கொடுத்தது தவறில்லை என்பதே எங்கள் கருத்து. ஸ்மித் கடைசி மூவரில் இல்லாமல் போனது மட்டும் எங்களுக்கும் உறுத்தல்தான்.

கேள்வி: முதலாண்டுக்காரருக்கு ஹோபி பேக்கர் கொடுக்கவே மாட்டார்கள் என்று என் நண்பர்கள் சாதிக்கிறார்கள். (ஆன் ஆர்பர் வாசகர்)

பதில்: இந்த விருது 1981 முதல் வழங்கப்படுகிறது. அதை வாங்கிய முதலாண்டு வீரர்கள் நால்வர். 1993-ல் மெய்ன் பல்கலைக்கழகத்தின் பால் கரியா (39 ஆட்டம், 100 புள்ளி), 2015-ல் பாஸ்டன் யுனிவர்சிட்டியின் ஜாக் ஐக்கல் (40 ஆட்டம், 71), 2023-ல் உங்கள் மிஷிகனின் ஆடம் ஃபான்டிலி (36 ஆட்டம், 65), 2024-ல் செலிப்ரினி. கரியாவுக்கும் ஐக்கலுக்கும் நடுவே 22 ஆண்டு. அதன்பின் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளில் இருவர்.

உங்கள் நண்பர்கள் மனதில் 2016 இருக்கக்கூடும். மிஷிகனின் கைல் கானர் முதலாண்டிலேயே 38 ஆட்டங்களில் 35 கோல், 36 அசிஸ்ட் என 71 புள்ளி எடுத்தார். விருது ஹார்வர்டின் நான்காமாண்டு மாணவர் ஜிம்மி வீஸிக்குப் போனது. அவருக்கு அந்த ஆண்டு 33 ஆட்டத்தில் 46 புள்ளி. காகிதத்தில் ஒரு ஆண்டுக்கான விருதுதான், ஆனால் நான்கு ஆண்டு ஒரே கல்லூரிக்கு உழைத்தவர் எதிரே நிற்கும்போது குழுவினர் கண் அந்தப் பக்கம் சாய்கிறது. விருதின் விதிகளில் ஆட்டத்திறனோடு நடத்தை, படிப்பு, விளையாட்டு நேர்மை ஆகியவையும் இருப்பதால் அப்படிச் சாய இடமும் இருக்கிறது. முதலாண்டு வீரர் ஜெயிக்க வேண்டுமானால் எதிரில் அப்படி ஒரு மூத்தவர் இல்லாமலிருக்க வேண்டும், அல்லது கரியாவைப் போல வாதத்துக்கே இடம் வைக்காமல் ஆட வேண்டும்.

முதலாண்டு வீரருக்கென்றே தேசிய அளவில் தனி விருது உண்டு: டிம் டெய்லர் விருது. யேல் பல்கலைக்கழகத்தின் நெடுநாள் பயிற்சியாளர் பெயரில் தரப்படுவது. 2023-ல் ஃபான்டிலியும் 2024-ல் செலிப்ரினியும் அதையும் வாங்கினார்கள்.

கேள்வி: ரசிகர் வாக்கெடுப்பில் தினமும் வாக்களிக்கிறோம். பலன் உண்டா? (மினியாபொலிஸ் வாசகர்)

பதில்: ஹோபி பேக்கரில் ரசிகர் வாக்குக்கு 1 சதவீத எடை. உங்கள் வீரர் பெயர் நாலு பேர் வாயில் அடிபடும், அவ்வளவுதான். முடிவு செய்தியாளர்கள், பயிற்சியாளர்கள், தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் அடங்கிய குழுவின் கையில்.

கேள்வி: 21 வயதுக்காரரையும் 18 வயதுக்காரரையும் "முதலாண்டு" என்று ஒரே தட்டில் வைக்கிறார்களே? (டொரன்டோ வாசகர்)

பதில்: இதைக் கேட்காத ரசிகர் இல்லை. உயர்நிலைப் பள்ளி முடித்ததும் பலர் நேராகக் கல்லூரிக்கு வருவதில்லை. யு.எஸ்.எச்.எல். போன்ற ஜூனியர் லீக்குகளில் ஓரிரண்டு ஆண்டு ஆடி, உடம்பு தேறி, 20, 21 வயதில் வருகிறார்கள். விதிப்படி அவர்களும் முதலாண்டுதான். விருதில் வயதுக்குத் தனிச் சலுகை கிடையாது.

இப்போது இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. கனடாவின் மூன்று மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களைத் தொழில்முறை வீரர்களாகக் கருதி, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. முன்பு சேர்த்துக்கொள்வதில்லை. 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்கி, 2025 ஆகஸ்ட் 1 முதல் அனுமதித்தது. அந்த லீக்குகளில் ஒன்றில் மெடிசின் ஹாட் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தது அப்படித்தான். மேஜர் ஜூனியரில் இருநூறு ஆட்டம் ஆடி முடித்தவரும் இனி முதலாண்டுப் பட்டியலில் நிற்கலாம். அதனால் இரு வீரர்களை ஒப்பிடுமுன் அணிப் பட்டியலில் பிறந்த தேதியையும் முன்பு ஆடிய அணியையும் பார்த்துவிடுங்கள். 18 வயதில் 25 புள்ளி எடுப்பவரை 21 வயதில் 30 எடுப்பவருக்கு மேலாக வைப்பதே எங்கள் வழக்கம்.

கேள்வி: எங்கள் அணியின் முதலாண்டு கோல்கீப்பரின் தடுப்பு விகிதம் (வந்த ஷாட்டில் தடுத்த பங்கு) வெள்ளிக்கிழமை .944, சனிக்கிழமை .875. சராசரி .910 வருகிறது. ஆனால் அணியின் தளத்தில் .897 என்று போட்டிருக்கிறார்கள். யார் கணக்கு தவறு? (புராவிடன்ஸ் வாசகர்)

பதில்: உங்கள் கணக்குதான். சதவீதத்தையும் சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. முதல் நாள் 18 ஷாட்டில் 17 தடுத்திருந்தால் .944. மறுநாள் 40 ஷாட்டில் 35 தடுத்திருந்தால் .875. சேர்த்துப் பார்த்தால் 58 ஷாட்டில் 52. அதாவது .897. ஷாட் அதிகமாக வந்த நாளுக்குத்தான் எடை அதிகம்.

இதில் வேறு இரண்டு இடங்களிலும் தடுக்கி விழுவார்கள். கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) ஷாட் கணக்கில் வராது. கோல்கீப்பர் தடுக்காவிட்டால் கோலாகியிருக்கும் என்றால் மட்டுமே அது ஷாட். கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது வீரரை இறக்கும்போது விழும் கோல் அவர் தலையில் ஏறாது. அவர் வெளியே இருந்த நேரமும் அவர் நிமிடங்களில் சேராது. ஆட்டத்துக்கு விட்ட கோல் சராசரிக்கு, விட்ட கோலை 60-ஆல் பெருக்கி, உண்மையில் ஆடிய நிமிடங்களால் வகுக்க வேண்டும்.

முதலாண்டு கோல்கீப்பருக்கு உண்மையான இடைஞ்சல் வேறு. மூத்தவர் ஒருவர் இருந்தால் பாதி ஆட்டங்களில் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். நிமிடம் குறைந்தால் எவ்வளவு நல்ல சதவீதமானாலும் வாக்காளர் நம்புவதில்லை. நாட்டின் சிறந்த கோல்கீப்பருக்கு 2014 முதல் மைக் ரிக்டர் விருது உண்டு. முதலில் வாங்கியவர் யூமாஸ் லோவல் பல்கலைக்கழகத்தின் கானர் ஹெலபக். முதலாண்டு கோல்கீப்பர் பெயர் அடிபட வேண்டுமானால் நவம்பருக்குள் முதலிடத்தைப் பிடித்தாக வேண்டும்.

கேள்வி: வாரந்தோறும் லீக் அறிவிக்கும் முதலாண்டு வீரர் பட்டத்தில் எங்கள் பையன் பெயர் வருவதேயில்லை. (வெர்மான்ட் வாசகர்)

பதில்: கல்லூரியின் விளையாட்டுத் தகவல் அலுவலர் பரிந்துரை அனுப்ப வேண்டும். ஒரே வாரத்தில் மூத்தவர் ஒருவரும் நன்றாக ஆடியிருந்தால் கல்லூரி அவர் பெயரை முன்னே தள்ளியிருக்கலாம். வாரப் பட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டே ஆட்டத்தின் கணக்கு அது.

கேள்வி: இரண்டு முதலாண்டு வீரர்களை ஒப்பிட நாங்களே ஒரு தாளில் கணக்குப் போட வேண்டும். எதை எழுதுவது? (மேடிசன் வாசகர்)

பதில்: முதலில் எந்த விருதுக்கு என்று முடிவு செய்யுங்கள். லீக் விருது என்றால் லீக் ஆட்டங்களைத் தனியே எடுங்கள். எடுத்துக்காட்டாக, பிக் டென் லீக்கில் 7 அணிகள், ஒவ்வொரு எதிரணியோடும் 4 என 24 ஆட்டம். தேசிய விருது என்றால் எல்லா ஆட்டமும். லீக்குக்கு வெளியே பலவீனமான எதிரணியோடு அக்டோபரில் குவித்த புள்ளி, லீக் ஆட்டங்களைத் தனியே எடுக்கும்போதுதான் உதிரும்.

பிறகு ஒவ்வொருவருக்கும் கோல், முதல் அசிஸ்ட், இரண்டாம் அசிஸ்ட் என்று மூன்று கட்டம். ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் வாங்கலாம். இரண்டாமவர் பங்கு பல சமயம் தற்செயல். அடுத்து, பவர் ப்ளே புள்ளிகளைப் பிரித்து எழுதுங்கள். கிரிக்கெட்டில் வரும் பவர் ப்ளே அல்ல. எதிரணி வீரர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆள் கூடுதலாக ஆடும் நேரம் இது. முதல் பவர் ப்ளே பிரிவில் இடம் கிடைத்த முதலாண்டு வீரருக்குப் புள்ளி தானாகச் சேரும், கிடைக்காதவர் சம ஆளாக நின்று எடுத்த 15 புள்ளி அதைவிடக் கனமானது. காலி வலையில் அடித்த கோல்களைக் கழித்துவிடுங்கள். கோலை ஷாட்டால் வகுத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த வேகம் நீடிப்பது அரிது.

டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் உலக ஜூனியர் போட்டிக்குப் போனவரா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே எடுத்த புள்ளி கல்லூரிக் கணக்கில் சேராது. தவறவிட்ட ஆட்டம் மொத்தத்தைக் குறைக்கும். அதனால்தான் மொத்தத்தைவிட ஆட்டத்துக்கு எத்தனை என்பதையே பார்க்கச் சொல்கிறோம்.

தடுப்பு வீரர்களுக்கு இந்தத் தாள் போதாது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் (யூமாஸ்) கேல் மகார் முதலாண்டில் 34 ஆட்டத்தில் 21 புள்ளிதான் எடுத்தார். மறு ஆண்டு 41 ஆட்டத்தில் 49 புள்ளி, 2019-ன் ஹோபி பேக்கர் விருதும் அவருக்கே. முதலாண்டுத் தாளில் மகாரைத் தேடியிருந்தால் தவறவிட்டிருப்பீர்கள். தடுப்பு வீரர் எந்த நேரத்தில் பனிமேடையில் இருக்கிறார் என்று பாருங்கள். ஒரு கோல் முன்னிலையோடு கடைசி இரண்டு நிமிடம் ஓடும்போது 18 வயதுப் பையனைப் பயிற்சியாளர் இறக்குகிறார் என்றால், அந்தப் பெயரைத் தாளில் வட்டமிட்டு வையுங்கள்.