சட்ட மேடை: "என் கேஸை நானே நடத்துகிறேன் என்கிறார் என் கணவர்"

கேள்வி: என் கணவர் கொலை வழக்கில் பாளையங்கோட்டை மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறார். நகையை விற்று வைத்த வக்கீல், பாதி வாய்தாவுக்கு ஜூனியரைத்தான் அனுப்புகிறார். "நடந்தது எனக்குத்தான் தெரியும். செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சிகளை நானே கேள்வி கேட்டுக்கொள்கிறேன்" என்கிறார் இவர். சட்டம் அதற்கு இடம் கொடுக்குமா, மேடம்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இடம் கொடுக்கும், அம்மா. ஆனால் ஆயுளோ தூக்கோ என்று நிற்கும் வழக்கில் தயவுசெய்து அவரை இதைச் செய்ய விடாதீர்கள்.

"நடந்தது எனக்குத்தான் தெரியும்" என்கிறாரே, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தெரிந்தது கேள்வியிலும் வந்துவிடும். "அன்றைக்கு ராத்திரி நான் அங்கே வந்தபோது நீ எந்தப் பக்கம் நின்றாய்?" என்று ஒரு கேள்வி போதும், சம்பவ இடத்தில் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டதாக அரசு வழக்கறிஞர் எடுத்துக்கொள்வார். "நடந்தது இப்படித்தானே?" என்று வக்கீல் சாட்சியிடம் போடும் யோசனைக் கேள்விகூட கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் ரயிலில் 6 பேரைச் சுட்டுக் கொன்ற காலின் ஃபெர்குசன், 1995இல் தன் வழக்கைத் தானே நடத்தினார். குண்டடிபட்டுப் பிழைத்தவர்களை அவரே குறுக்கு விசாரணை செய்ய, "நீங்கள்தான் சுட்டீர்கள்" என்று அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்கள்.

குறுக்கு விசாரணை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். போலீஸ் வாக்குமூலத்தில் அரிவாளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத சாட்சி, கூண்டில் ஏறி, "அரிவாளோடு ஓடினதைப் பார்த்தேன்" என்கிறார். உங்கள் கணவர் "பொய்" என்று கத்துவார். அதனால் பயனில்லை. அனுபவமுள்ள வக்கீல், "போலீஸ் விசாரணையில் நீங்கள் இதைச் சொல்லவில்லை" என்று முதலில் சாட்சியிடமே போடுவார். பிறகு, புலன் விசாரணை செய்த இன்ஸ்பெக்டர் கூண்டேறும்போது, "இந்தச் சாட்சி என்னிடம் அப்படிச் சொல்லவில்லை" என்ற பதிலை அவரிடமும் வாங்குவார். இந்த இரண்டாவது கேள்வி விட்டுப்போனால் முதலில் கேட்டதும் வீண். சிறைக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் யாரால் கற்றுக்கொள்ள முடியும்?

வக்கீலே இல்லாமல் நடந்த விசாரணை எங்கே போய் நிற்கும் என்பதற்கு 1997 டெல்லி பஸ் குண்டுவெடிப்பு வழக்கு இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லாமலே 56 சாட்சிகளை விசாரித்து, தூக்குத் தண்டனையும் கொடுத்தார்கள். உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2012இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுபடி முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. அதுவரை அந்த மனிதர் சிறையில்தான் இருந்தார்.

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. வக்கீலை மாற்றுங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. இனி விற்க நகையில்லை என்றால், பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி அரசு செலவில் வக்கீல் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அவரே மனு கொடுக்கலாம். நீங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100க்கு போன் செய்யலாம். இலவச வக்கீல் என்றால் கற்றுக்குட்டியாக இருப்பார் என்ற பயமும் வேண்டாம். ஆயுள், தூக்கு வரக்கூடிய வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், தயாராக 7 நாளாவது அவகாசம் தர வேண்டும் என்று 2019 தீர்ப்பு இருக்கிறது. ஜூனியர் சரியாகக் கேட்காமல் விட்ட சாட்சி யாராவது இருந்தால், மறுபடி அழைக்க 348ஆம் பிரிவில் புது வக்கீல் மனு போடட்டும். தாமதித்தால் கிடைப்பது கஷ்டம்.

அவருக்குத் தெரிந்ததை நோட்டில் எழுதி வக்கீலிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்த பிறகு, 351ஆம் பிரிவில் நீதிபதியே அவரை நேரில் கேள்வி கேட்பார். அப்போது அவர் பேசலாம், எழுத்து மூலமாகவும் கொடுக்கலாம். அதுவரை சாட்சிகளை வக்கீல் கேட்கட்டும்.