தோட்டத்துல சிபிஆர் கத்துக் கொடுக்க எதுல ஆரம்பிக்கிறது?

கேள்வி: அண்ணே வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) தோட்டத்துல கோயில் இளைஞர் பிரிவு செயலாளரா இருக்கேன். போன திருவிழாவுல பந்தியில உக்காந்திருந்த ஒரு பெரியவர் அப்படியே சாஞ்சுட்டாரு. தண்ணி தெளிச்சோம், கோடாலித் தைலம் தேய்ச்சோம், வலிப்புன்னு நெனச்சு கையில சாவிக்கொத்து குடுத்தோம், அப்புறம் வேன்ல ஏத்தினோம், போற வழியிலயே போய்ட்டாரு. இப்ப எல்லாருக்கும் சிபிஆர், அதான் இதயம் நின்னவருக்கு நெஞ்ச அமுக்கி செய்ற முதலுதவி, சொல்லிக் கொடுக்கணும்னு இருக்கோம். பொம்மை கிடையாது, வர்றதுல பாதி பேரு பாட்டிமாருங்க, வாயோட வாய் வச்சு ஊதணும்னா ஒருத்தரும் வர மாட்டாங்க. என்ன பண்றது?

பதில்: தம்பி, வாய் விஷயத்த மொதல்ல முடிச்சிடுறேன். ஊத வேணாம். பெரிய ஆளு திடீர்னு விழுந்தா, பயிற்சி இல்லாதவங்க நெஞ்ச மட்டும் அமுக்கினா போதும்னு அமெரிக்க இதயச் சங்கம் 2008லயே சொல்லிடுச்சு. இதயம் பட்டுன்னு நின்னுபோனவரு ரத்தத்துல அந்த நேரத்துக்கு ஆக்சிஜன் இன்னும் இருக்கும், அத மூளைக்குத் தள்ளி விடத்தான் ஒண்ணும் இல்ல, அந்த வேலையத்தான் உங்க கை செய்யுது. சின்னப் பிள்ளைங்களும் தண்ணியில மூழ்கினவங்களும் வேற கேஸு, அங்க மூச்சு இல்லாமத்தான் இதயம் நிக்குது, அதனால ஊதுறதும் வேணும். உங்க பக்கம் ஈயம் தோண்டின பழைய குட்டைங்க இருக்கு, பசங்க குளிக்கப் போவாங்க, அதனால இளைஞர் பிரிவுல நாலஞ்சு பேராவது அதையும் முறையா கத்துக்கங்க. பாட்டிமாருக்கு இப்ப அது வேணாம்.

இனி நீங்க கேக்காத விஷயம், ஆனா எனக்கு இதுதான் முக்கியம். அமுக்குறத அஞ்சு நிமிஷத்துல கத்துக்கலாம், எப்ப அமுக்கணும்னு முடிவெடுக்கிறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. நீங்க எழுதினதப் பாருங்க, சாவிக்கொத்து குடுத்திருக்கீங்க. இதயம் நின்ன உடனே மூளைக்கு ரத்தம் போகாம கை கால் கொஞ்ச நேரம் வெட்டி இழுக்கும், பாக்குறதுக்கு அசல் வலிப்பு மாதிரியே இருக்கும். அதோட, மீனு தரையில போட்டா வாயத் தொறக்குமே அந்த மாதிரி விட்டு விட்டு ஒரு இழுப்பு, குறட்டை மாதிரி சத்தம் வரும். கூட்டத்துல ஒருத்தர் கண்டிப்பா 'மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு'ன்னு கத்துவாரு. அது மூச்சு இல்ல தம்பி. தோளத் தட்டி சத்தமா கூப்பிட்டும் அசைவு இல்ல, மூச்சு ஒழுங்கா இல்ல, அவ்வளவுதான், அமுக்க ஆரம்பிக்கணும். பாக்குறதுக்கு பத்து வினாடிக்கு மேல எடுக்காதீங்க. நாடி பாக்குறதுல்லாம் சொல்லிக் கொடுக்காதீங்க, படபடப்புல தன் நாடியவே அடுத்தவர் நாடின்னு நெனச்சுக்குவாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிட்டு முழிச்சு பேசிக்கிட்டு இருக்கிறவர மட்டும் அமுக்கக் கூடாது, அவர உக்கார வச்சு ஆம்புலன்ஸுக்கு 999ல போன் போடணும்.

வேன்ல ஏத்தினதுக்கு உங்கள நான் குத்தம் சொல்லல, தோட்டத்துல ஆம்புலன்ஸ் வர லேட்டாகும்னு எல்லாருக்கும் தெரியும், யாரா இருந்தாலும் மனசு அதுக்குத்தான் போகும். ஆனா அமுக்காம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பொழைக்கிற வாய்ப்பு சுமார் 7லருந்து 10 சதவீதம் குறையுது, ஓடுற வேன்ல மெத்து மெத்துன்னு இருக்கிற சீட்டு மேல ஒழுங்கா அமுக்கவும் முடியாது. ஆம்புலன்ஸ் வர லேட்டாகும்ங்கிறதாலதான் விழுந்த இடத்துலயே அமுக்கணும். உங்ககிட்ட ஒரு வசதி இருக்கு, திருவிழாவுல கை எத்தன இருக்கு? ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர் மாறினா யாரும் களைக்க மாட்டாங்க, களைச்ச கை ஆழமா இறங்காது, அதான் மாத்தச் சொல்றது.

ஒருத்தர் அமுக்கும்போதே இன்னொருத்தர் 999 அடிச்சு ஸ்பீக்கர்ல போட்டுடணும். பாட்டிமாரையே இத பேசிப் பழக விடுங்க, மலாய்ல 'ஓராங் தா செடார், தா பெர்னாஃபாஸ்' (ஆளுக்கு நினைவில்ல, மூச்சில்ல)னு ரெண்டு வார்த்தை, அப்புறம் தோட்டத்துப் பேரு, எந்த ரோட்டுல எந்த போர்டு கிட்ட திரும்பணும்னு. செம்பனைக்குள்ள எல்லா பாதையும் ஒரே மாதிரி இருக்கும், அதனால ஒரு பையன மோட்டார்ல மெயின் ரோட்டு சிம்பாங்குக்கு (முச்சந்திக்கு) அனுப்பி நிக்க வைங்க. வழி எழுதின தாள ஒண்ணு கோயில் சுவத்துல ஒட்டிடுங்க.

அமுக்குறது எப்படின்னா, கெட்டியான தரையில மல்லாக்க போட்டு, நெஞ்சுக் கூட்டுக்கு நடு மத்தியில ஒரு உள்ளங்கையோட அடிப்பகுதிய வச்சு, அதுக்கு மேல இன்னொரு கை, முழங்கை மடங்காம, தோள் நேர் மேல இருக்க, உடம்பு வெயிட்டப் போட்டு 5 செ.மீ. இறங்கணும், 6ஐத் தாண்ட வேணாம், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர விடணும், வேகம் நிமிஷத்துக்கு 100லருந்து 120. போன்ல தாளம் தட்டுற மெட்ரோனோம் ஆப் 110ல வச்சா போதும். உறுமி மேளம் அடிக்கிற பசங்க இருந்தா தாளம் போட அவங்கள நிக்க வைக்கலாம், ஆனா கூட்டத்தப் பாத்தா வேகம் ஏத்திடுவாங்க, பாத்துக்கங்க!

பொம்மை இல்லாட்டி பரவாயில்ல. பழைய ஸ்கூல் பேக்ல துணிய இறுக்கமா திணிச்சு, நடுவுல மூடி போட்ட காலி மினரல் பாட்டில் ஒண்ண வைங்க. ஆழம் சரியா தெரியாது, கை வைக்கிறதும் தாளமும் பழகிடும், அது போதும். உயிரோட இருக்கிற ஆளு மேல மட்டும் அமுக்கிப் பழகவே கூடாது, விளையாட்டுக்குக்கூட. முட்டி போட முடியாத பாட்டிங்க போன், வழி, கூட்டம் விலக்குறதுன்னு எடுத்துக்கட்டும்.

எலும்பு முறிஞ்சிடுமோன்னு நிச்சயம் கேப்பாங்க. சில நேரம் விலா எலும்பு முறியும், சத்தமும் கேக்கும், நிறுத்தாதீங்க, இதயம் நின்னவருக்கு அத விட மோசமா எதுவும் நாம பண்ணிட முடியாது. பொம்பளைங்க விழுந்தா ஆம்பளைங்க தொடத் தயங்குறாங்க, இது நம்ம ஊருல மட்டும் இல்ல, பொது இடத்துல பெண்களுக்கு சிபிஆர் கிடைக்கிறது குறைவுன்னு பல நாட்டு ஆய்வுல வந்திருக்கு. சேலைக்கு மேலயே அமுக்கலாம், ரெண்டு பேரு சாரோங் புடிச்சு மறைச்சா முடிஞ்சது. 2021 ஜூன் 12ல டென்மார்க் கால்பந்து ஆட்டக்காரர் எரிக்சன் மைதானத்துல விழுந்தப்ப கூட ஆடுனவங்க சுத்தி நின்னு மறைச்சாங்களே, டிவியில பாத்திருப்பீங்க. அங்கயே அமுக்கி, ஏஇடின்னு இதயத்துக்கு கரண்ட் ஷாக் குடுக்குற மெஷின வச்சு ஷாக் குடுத்தாங்க, மனுஷன் திரும்ப வந்து ஆடுனாரு.

அந்த ஏஇடி மெஷின் கோயில் நிதியில வாங்க முடிஞ்சா வாங்குங்க, தொறந்தா அதுவே பேசி வழி சொல்லும், தேவையில்லாதவருக்கு ஷாக் குடுக்காது. அதோட பேட்ட நெஞ்சுல ஒட்டுற இடத்துல துணி இருக்கக் கூடாது, வேர்வை, சந்தனம், விபூதி எல்லாம் துடைச்சிடணும். வாங்கின பிறகு ஆபீஸ் அலமாரியில பூட்டி சாவிய தலைவர் வீட்டுல வைக்கிற பழக்கம் மட்டும் வேணாம்.

கரண்ட் ஷாக்குன்னா மொதல்ல மெயின் சுவிட்ச நிறுத்திட்டுத்தான் தொடணும். ஆனா இடி விழுந்தவர தாராளமா தொடலாம், உடம்புல கரண்ட் தங்காது.

கத்துக்கிட்டது சில மாசத்துல கைக்கு மறந்துடும். தைப்பூசத்துக்கு முன்னால ஒரு தடவை, ஆடித் திருவிழாவுக்கு முன்னால ஒரு தடவை, அரை மணி நேரம் போதும். இளைஞர் பிரிவுக்கு சான்றிதழோட முழுப் பயிற்சி வேணும்னா மலேசிய செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நடத்துறாங்க, பொம்மையும் அவங்களே கொண்டு வருவாங்க.