தண்ணி தெளிவாத்தான் இருக்கு, பல்லுதான் பழுப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி குடிநீர் கேள்வி பதில்

11 வருஷமாக நானும் சில பொறியாளர் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இரண்டு மாவட்டத்து ஊர்களுக்கும் குடிநீர் வேலைக்குப் போய் வருகிறோம். சம்பளம் வாங்குவதில்லை. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பாலக்கோடு, பள்ளி ஆசிரியை): ஐயா, எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. போர் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கிறது. கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது டீச்சர். இந்தக் கறைக்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு. கொதித்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். நம் மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறையிலேயே ஃப்ளோரைடு உண்டு. கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய தண்ணீர் அதை எளிதாகக் கரைத்துக்கொள்ளும். அதற்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை.

பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் 8 வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் கறையாகத் தெரிகிறது. விழுந்த கறை தானாகப் போகாது. ஆனால் உங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர்களின் தம்பி தங்கைகளுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. கேழ்வரகுக் களி, பால், நெல்லிக்காய் எல்லாம் உடம்புக்குத் துணை நிற்கும், தண்ணீரை மாற்றாமல் அவை மட்டும் போதாது. முதலில் ஒரு பரிசோதனைப் பெட்டி வாங்கி, சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்தை விட்டு, வெள்ளைக் காகிதத்தின் மேல் பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவே நின்றால் ஃப்ளோரைடு குறைவு. மஞ்சளுக்குப் போகப் போகக் கூடுதல். பிள்ளைகளை வைத்தே செய்யுங்கள், ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

கேள்வி (காரிமங்கலம்): எங்களுக்கு ஒகேனக்கல் தண்ணி வருதே, அப்புறம் எதுக்குப் பயம்?

பதில்: ஃப்ளோரைடுக்காகவே வந்த திட்டம் அது. ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. உங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு வேறு என்ன தண்ணீர் ஏறுகிறது என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். ஆற்றுத் தண்ணீர் பற்றாத நாளில் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றுவதை நான் சில ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஆற்றுத் தண்ணீரில் 0.5, போரில் 2.5 என்று வையுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 1.5. போர் இரண்டு பங்கானால் 1.8-ஐத் தாண்டிவிடும். போர் தண்ணீருக்குத் தனி சின்டெக்ஸ் வைத்துத் துவைக்க, குளிக்க விடுங்கள். பெரிய செலவு இல்லை, ஒரு வால்வும் கொஞ்சம் பைப்பும்தான்.

கேள்வி (ஓசூர், பொறியியல் மாணவர்): அண்ணா, நாங்கள் 12 பேர். ஒரு கம்பெனி பணம் தருகிறது. பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் ஃபில்டர் போட ஆசை. எந்த மெஷின் நல்லது?

பதில்: தம்பி, மனசு நல்ல மனசு. ஆனால் மெஷினில் ஆரம்பிக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

எங்கள் முதல் வேலை ஒரு அடிபம்பில் வைத்த அலுமினா ஃபில்டர். ஃப்ளோரைடு 2.4 இருந்த தண்ணீர் 0.6-க்கு இறங்கியது. ஊரே கைதட்டியது, போட்டோ எடுத்தோம், கிளம்பி வந்துவிட்டோம். 14 மாதம் கழித்துப் போனால் சோதனைக் குழாயில் மருந்து விட்டதும் மஞ்சள். அலுமினா ஓரளவுக்குத்தான் ஃப்ளோரைடைப் பிடிக்கும். நிறைந்ததும் காஸ்டிக் சோடாவும் அமிலமும் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றவும் கூடாது. இதை அங்கே யாருக்கும் நாங்கள் கற்றுத்தரவில்லை. "நீங்க வெச்சதுன்னு நம்பித்தானே குடிச்சோம்" என்றார் ஒரு பாட்டி. அவர் கோபப்படக்கூட இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இப்போது அங்கே மகளிர் குழுவில் ஒரு பெண் மாதாமாதம் 1-ம் தேதி சோதித்து எழுதுகிறார். நோட்டு பம்ப் ரூம் ஆணியில் தொங்குகிறது. எண் 1-ஐ நெருங்கினால் அலுமினாவைக் கழுவுகிறார்கள். அவருக்கு ஊரே சம்பளம் கொடுக்கிறது. ஆகவே, நீங்கள் போனதும் சாவி யார் கையில் இருக்கும், மோட்டார் காயில் எரிந்தால் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு மெஷினைப் பற்றிப் பேசலாம். 150 வீடு, மாதம் 50 ரூபாய் என்றாலே 7,500 சேரும். கிராம சபையில் வைத்துப் பேசுங்கள். மார்ச் 22, உலக நீர் நாள் அன்றும் கூட்டம் உண்டு.

கேள்வி (ஊத்தங்கரை): ஆர்.ஓ. போட்டால்?

பதில்: ஃப்ளோரைடு போகும். ஆனால் கழிவு நீராக நிறைய வெளியேறும், அதில் ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாக இருக்கும். நிலத்தடி நீர் வற்றும் ஊரில் எனக்கு அது கடைசி வழி.

கேள்வி (அஞ்செட்டி மலைப்பகுதி): மேலே ஒரு ஊற்று இருக்கிறது சார். மோட்டார் இல்லாமல் ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஏப்ரல், மே மாதத்தில் ஒரு 20 லிட்டர் பக்கெட்டும் செல்போனும் எடுத்துப் போங்கள். பக்கெட் நிறைய 50 விநாடி ஆனால் நாளுக்கு 34,560 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர் வைத்தால் 600 பேருக்கு மேல் போதும். ஐப்பசியில் அளந்துவிட்டு வேலை ஆரம்பித்தால் கோடையில் ஏமாறுவீர்கள். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் ஏறும், அதனால் நடுவில் ஒரு தொட்டி கட்டி அழுத்தத்தை உடைக்க வேண்டும். ஊற்றுக்கு மேலே மாடு கட்டாதபடி வேலி போடுங்கள், வனத்துறையிடம் முதலிலேயே பேசுங்கள்.

கேள்வி (அரூர், குடும்பத் தலைவி): மழைத் தண்ணியைக் குடிக்கலாமா? எவ்வளவு தேறும்?

பதில்: குடிக்கலாம் அம்மா, அதில் ஃப்ளோரைடு இல்லை என்றே சொல்லலாம். 20 சதுர மீட்டர் கூரை, வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று குறைத்தே போட்டாலும் 16,000 லிட்டர். சிந்தியது போக 12,800. ஐந்து பேர் குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 9,125தான். மழையில்லாத 4 மாதத்துக்கு 3,000 லிட்டர் தொட்டி வேண்டும். முதல் மழையைத் திறந்து விட்டுவிடுங்கள், தொட்டியில் வெளிச்சம் புகக் கூடாது. இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி): எங்கள் ஊருக்கு வந்து பார்ப்பீர்களா?

பதில்: வருகிறோம். அதற்குள் ஊரில் உள்ள ஒவ்வொரு போரிலும் ஒரு லிட்டர் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் போதும், கண்ணாடி வேண்டாம். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். போரின் ஆழத்தையும் பிடித்த தேதியையும் பாட்டில் மேலேயே எழுதுங்கள். டேங்க் ஆபரேட்டர் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சொல்லுங்கள், அவரிடம்தான் நாங்கள் முதலில் பேச வேண்டும்.