தேவதாசி முறையை எதிர்த்த முத்துலட்சுமி ரெட்டி முதலில் நிலத்தைப் பற்றிச் சட்டம் கொண்டுவந்தது ஏன்?

அதற்கு ‘இனாம்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்று ஓசியில் கிடைப்பதை இனாம் என்கிறோம். அன்று அது, ஒரு பணிக்கு ஈடாக வழங்கப்பட்ட நிலம். கோயிலில் ஊழியம் நடக்கும்வரை அதன் வருமானம் குடும்பத்துக்கு. ஊழியம் நின்றால் நிலமும் கைவிட்டுப் போகும். எனவே அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டி, அதாவது அவளைத் தேவதாசியாகக் கோயிலுக்கு நேர்ந்துவிட வேண்டிய நெருக்கடி. பக்தி, வழக்கம் என்று எவ்வளவோ பேசுவார்கள். அடியில் சோற்றுப் பிரச்சினையும் இருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளருக்குத் தரும் லயன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வேலையை விட்டால் வீட்டையும் காலிசெய்ய வேண்டும் என்றால், ‘பிடிக்காவிட்டால் விட்டுவிடு’ என்று சொல்வதில் என்ன பொருள்?

1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆன முத்துலட்சுமி இந்த முடிச்சில்தான் கைவைத்தார். அவர் முயற்சியால் 1929இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. ஊழியம் செய்யாமலே, கோயிலுக்கு ஒரு தொகை கட்டி, அந்தப் பெண்கள் நிலத்தை வைத்துக்கொள்ள முடிந்தது. தடை போடுவதற்கு முன் வெளியேற வழி திறந்தாரே, அந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

1929லேயே பொட்டுக்கட்டுதல் தடைசெய்யப்பட்டது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. தடை மசோதாவை அவர் கொண்டுவந்தது 1930இல். அந்த ஆண்டே காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். தடைச் சட்டம் நிறைவேறியது 1947இல்.