நாலு வருஷம் நின்ற மாருதி 800: முதலில் சாவியைத் தொடாதீர்கள்

நண்பரே, உங்கள் கார் 2004 எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) மாடல், நாலு வருஷம் ஷெட்டில் நின்றது, புது பேட்டரி போட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை, பின் சக்கரம் உருளவில்லை என்கிறீர்கள். தயவுசெய்து இனி செல்ஃப் அடிக்காதீர்கள்.

டேங்கிலுள்ள பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி பம்ப்பையும் இன்ஜெக்டரையும் அடைத்திருக்கும். பெட்ரோல் ஃபில்டரும் புதிது போடுங்கள். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு இரவு ஊறியபின் கிராங்க் புல்லியை (இன்ஜின் தண்டின் முனையிலுள்ள சக்கரம்) ஸ்பேனரால் கையாலேயே சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் இன்ஜின் ஆயில், டைமிங் பெல்ட் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

பின் சக்கரம் உருளாததற்குக் காரணம் பெரும்பாலும் பிரேக் ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டியதுதான். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, டிரம்மிலுள்ள இரண்டு மரை ஓட்டைகளில் 8 எம்எம் போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் கழன்று வரும். வீல் சிலிண்டரின் (டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் பாகம்) ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள், ரப்பர் கிட் மட்டும் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதனால் அதையும் முழுவதும் புதிதாக மாற்றுங்கள்.

டயர் பூ (தரையில் படும் வரிகள்) நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் ஓட்டாதீர்கள். 15 வருஷப் பதிவும் முடிந்திருக்கும்; புதுப்பிக்க படிவம் 25.