எட்டு உளிப் பெட்டி வேண்டாம், மூன்று உளி போதும்

கேள்வி: மரம் கடையும் சிறிய லேத் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கையிருப்பு பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிட்டது. நல்ல உளி ஒன்றின் விலைக்கு எட்டு உளிகள் கொண்ட செட் கிடைக்கிறது. பெட்டியின் மேல் ‘ஹைஸ்பீட் ஸ்டீல்’ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? தேய்ந்த அரங்களைத் தீட்டி நானே உளி செய்துகொள்ளலாம் என்கிறார் நண்பர். பம்பரம், கைப்பிடி போன்றவற்றில் தொடங்கிப் பிறகு கிண்ணம் கடைய ஆசை.

பதில்: செட்டை வாங்காதீர்கள். அரத்தை லேத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். உளிக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதியை முதலில் சாணைக்கு எடுத்து வையுங்கள்.

சாணையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் சுமார் 157 மீட்டர் மரம் உளியின் வாயை உரசிக்கொண்டு போகிறது. பத்து நிமிடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உளியானாலும் மழுங்கத்தான் செய்யும். அப்போது சீவல் சுருள் சுருளாக வருவது நின்று தூள் பறக்கும். நீங்கள் உளியை அழுத்துவீர்கள். அழுத்தினால் மரம் உளியைப் பிடித்து இழுக்கும். ‘உளி சரியில்லை’ என்று இன்னொன்று வாங்கப் போவீர்கள். கடைக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.

சாணைக்கு, ஆறு அங்குலக் கல் சுழலும் சாதாரண கிரைண்டர் போதும். அதோடு வரும் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு, வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 80 கிரிட் (கல்லின் மணிப் பருமன்), மாட்டுங்கள். உளியை ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் தாங்கிப் பிடிக்க மரத்திலேயே ஒரு தாங்கி செய்துகொள்ளலாம். கோணம் மாறாமல் இருந்தால் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது.

இப்போது அந்தப் பெட்டியைத் திறப்போம். எட்டில் இரண்டு மூன்று, ஒன்றுக்கொன்று அரைக்கால் அங்குலம் வித்தியாசமுள்ள சுரண்டி உளிகளாக இருக்கும். சுரண்டி செய்வது சுலபம். தட்டைக் கம்பியின் நுனியைத் தீட்டினால் ஆயிற்று. எண்ணிக்கையைக் கூட்ட அதைவிட மலிவான வழி இல்லை. சில பெட்டிகளில் லேத் உளியே இருக்காது. சுத்தியல் தட்டிச் சிற்பம் செதுக்கும் உளிகளுக்கு நீளப் பிடி போட்டு ‘கடைசல் உளி’ என்று விற்கிறார்கள். அவற்றின் உடல் மெல்லியது. சுழலும் மரம் ஒரு முறை பிடித்து இழுத்தால் வளையும், அல்லது முறியும்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் பெயரை நம்பவும் வேண்டாம், அதற்கு விற்பவர் சொல்லும் விளக்கத்தை நம்பவும் வேண்டாம். ‘உங்கள் லேத் மெதுவாக ஓடுவது, ஹைஸ்பீட் ஸ்டீல் தேவையில்லை’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அந்தப் பெயருக்கும் உங்கள் லேத்தின் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. இரும்பை வேகமாக வெட்டும்போது சூடேறியும் கூர் போகாத எஃகு என்பதால் உலோகப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் அது. சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை கடினம் குறையாது. கார்பன் ஸ்டீல் 200ஐத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். சாணையில் அதன் நுனி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். தீட்டப் பழகுகிறவர் நுனியைச் சூடேற்றாமல் இருக்கப்போவதில்லை. அதனால்தான் உங்களுக்கு ஹைஸ்பீட் ஸ்டீல் என்கிறேன். அதைத் தீட்டும்போது தண்ணீரில் முக்காதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் நுண்ணிய விரிசல் விழலாம்.

உண்மையிலேயே ஹைஸ்பீட் ஸ்டீல்தானா என்று பார்க்க உங்கள் நண்பரின் அரம் உதவும். அதற்கு இருக்கும் ஒரே உபயோகம் இதுதான். கண்ணையும் முகத்தையும் மறைக்கும் கவசம் போட்டுக்கொண்டு அரத்தின் நுனியைச் சாணைக்கல்லில் லேசாகத் தொடுங்கள். வெளிர் மஞ்சள் பொறிகள் கிளை கிளையாக வெடித்து, மத்தாப்பு போலப் பூக்கும். அது கார்பன் ஸ்டீல். அடுத்து, வாங்கிய உளியைத் தொடுங்கள். மங்கிய செம்மஞ்சள் கோடுகளாக, அதிகம் பூக்காமல், கஞ்சத்தனமாகப் பொறி வந்தால் ஹைஸ்பீட் ஸ்டீல். மத்தாப்பு பூத்தால் ஏமாந்தீர்கள். கடையில் யாரும் இந்தச் சோதனைக்கு விடமாட்டார்கள். ஆகவே திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

அந்த அரத்தை ஏன் உளியாக்கக் கூடாது? அரம் மிகக் கடினமானது. ஆகவே கண்ணாடி மாதிரி உடையும். உடையும்போது துண்டு உங்கள் முகத்துக்கு நேராக வரும். அடுப்பில் வைத்துப் பதம் இறக்கினால் போதும் என்பார்கள். இறங்கியதா என்று பார்த்துச் சொல்ல உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

கார்பன் ஸ்டீலை நான் அடியோடு ஒதுக்குவதாக நினைக்க வேண்டாம். ஒரு விலக்கு உண்டு: ஓய்வு பெற்ற கடைசல்காரரின் பழைய உளிகள். அவற்றில் பல கார்பன் ஸ்டீல்தான். ஆனால் நல்ல தோய்ச்சல் பெற்றவை. சில இன்றைய மலிவு உளிகளைவிட மெல்லிய கூர் பிடிக்கும். எடுத்த எடுப்பில் விலை பேசாதீர்கள். உளியின் குழிவுக்குள் விரலை ஓட்டிப் பாருங்கள். மேல்துரு தேய்த்தால் போகும். துரு தின்ற பள்ளம் போகாது. அந்தப் பள்ளம் வாய்வரை வந்தால் கூர் அங்கே பல் பல்லாக உடையும். நுனியில் நீலக் கறை இருந்தால் அதுவரை தேய்த்துத் தள்ள வேண்டியிருக்கும், அதன் பிறகு எவ்வளவு நீளம் மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள். பிடிக்குள் போகும் காம்பு வளைந்திருக்கிறதா, பூண் ஆடுகிறதா என்று பாருங்கள். பிடி மட்டும் வெடித்திருந்தால் கவலையில்லை, விலையைக் குறைக்க நல்ல சாக்கு. புதுப் பிடி கடைவதே உங்களுக்கு முதல் பாடமாகட்டும். இவற்றைத் தீட்டும்போது மட்டும் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். ஆம், ஹைஸ்பீட் ஸ்டீலுக்குச் சொன்னதற்கு நேர்மாறு.

சரி, எவை வேண்டும்? கௌஜ் என்றால் குழிவுள்ள உளி. கட்டையை உருண்டையாக்க 20 மில்லிமீட்டர் வாக்கில் ஒரு ரஃபிங் கௌஜ், வளைவு நெளிவுகளுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பிண்டில் கௌஜ், துண்டித்து எடுக்க 3 மில்லிமீட்டர் பார்ட்டிங் உளி. பம்பரத்துக்கும் கைப்பிடிக்கும் இவை தாராளம். சாய்வு வாய் உளி அருமையானது, ஆனால் முதல் மாதம் உங்களை அழவைக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கார்பைடு வில்லை முனையில் பொருத்திய உளிகளுக்குச் சாணை வேண்டாம், உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் சுரண்டவே செய்கின்றன. மழுங்கினால் வில்லைக்கு மறுபடி பணம்.

கிண்ணத்துக்கு பவுல் கௌஜ் என்று தனி உளி உண்டு. அதன் அளவை ஒரே மாதிரி சொல்லக்கூட இந்த வியாபாரத்தில் ஒழுங்கு கிடையாது. பிரிட்டிஷ் வழக்கத்தில் குழிவின் அகலத்தைச் சொல்வார்கள், அமெரிக்க வழக்கத்தில் கம்பியின் விட்டத்தை. முன்னது 3/8 அங்குலம் என்றால் பின்னது 1/2 அங்குலம், பொருள் ஒன்றுதான். இத்தனை ஆண்டுகளில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வர முடியாதா? வாங்கும்போது கம்பியின் விட்டத்தைக் கேளுங்கள். 1/2 அங்குலம் இருக்கட்டும்.

அதை வாங்கும்வரை கிண்ணத்தைத் தொடாதீர்கள். ரஃபிங் கௌஜைக் கொண்டு கிண்ணம் கடைய எக்காரணம் கொண்டும் முயலாதீர்கள். அதன் வாய் அகலம், காம்போ மெல்லிய பட்டை. கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை மரத்தின் குறுக்குவெட்டு முகம் உளியை வந்து இடிக்கும். என்னிடம் பழக வந்த ஒருவர், நான் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் இதைச் செய்து பார்த்தார். திரும்பி வந்தபோது பூணோடு பிடி மட்டும் அவர் கையில் இருந்தது. உளியைச் சுவரோரம் கண்டெடுத்தோம்.